சமுத்திரம் ஏரிக்கரையில்

திருவண்ணாமலைக்கு வரும் யாத்திரிகர்கள் மலையை வலம் வருகிறார்கள். ஏரிக்கரையை நாடுவோர் மிகச் சிலரே. பௌர்ணமிதோறும் திரளான ஜனங்கள் கிரிப்பிரதக்ஷிணம் செய்யும் 14 கிலோ மீட்டர் பாதையிலிருந்து சற்று விலகினால், மலைக்குத் தென்மேற்கே சமுத்திரம் ஏரியைக் காணலாம். மழை பொய்த்த வருஷங்களில் அது வெறும் மைதானமாகக் கிடப்பதுண்டு. நல்ல மழைக்குப் பின் வரும் மாசி மாதத்திலோ, பனி முற்றும் விலகாத காலைப் பொழுதில், 2,668 அடி உயரமுள்ள அண்ணாமலை அந்த நீரில் தலைகீழாகத் தோன்றும். அதன் சிகரத்தின்மீதே ஒரு முக்குளிப்பான் மிதந்து வரும், சட்டென்று மூழ்கும், இங்கேதான் எழும் என்று நாம் நினைத்த இடத்தில் ஒருபோதும் எழாது!

ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பும் ஏரிகள் மாசியில் ஓரங்களில் வற்றத் தொடங்குகின்றன. சேறு தெரியும் இடமெல்லாம் பறவைகளுக்கு விருந்துதான். உள்ளான்கள் ஓடியோடிப் பொறுக்கும். மடையான் தவசியைப்போல் நிற்கும். அதன் தவம் மீனுக்காக என்பது மீனுக்குத் தெரியாது. நத்தைகுத்தி நாரையின் இரு அலகுகளும் நடுவில் பொருந்துவதில்லை. பார்ப்பவர்களுக்கு அது ஊனமாகத் தோன்றலாம். ஆனால் அந்த அலகைக் கொண்டுதான் நத்தையின் சதையை ஓட்டினின்று லாவகமாகப் பிரித்தெடுக்கிறது.

நம் நாட்டு ஏரிகளுக்குப் பனிக்காலத்தில் வரும் விருந்தினருள் தட்டைவாயன் என்னும் வாத்து விசேஷமானது. கரண்டி போன்ற அதன் அலகின் ஓரங்களில் சீப்புப் பற்களைப்போன்ற அமைப்பு உண்டு. நீரை அதன் வழியே வடித்து, நுண்ணிய உயிர்களையும் விதைகளையும் உண்கிறது. வேனில் வந்ததும் இமயத்துக்கு அப்பாலுள்ள குளிர்தேசங்களுக்குத் திரும்பிவிடும்.

திரும்பி வரும்போது ஏரி ஏரியாக இருக்க வேண்டுமே! செங்கற்பட்டுச் சீமையில் வேடந்தாங்கல் கிராமத்தார் செய்ததை இங்கே நினைக்கத் தோன்றுகிறது. வெள்ளைச் சிப்பாய்கள் தங்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டபோது, அவர்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-ஆம் வருஷத்தில் பறவைகளைக் காக்கும் கௌல் பெற்றார்கள். எச்சம் கலந்த ஏரி நீர் பயிருக்கு உரம் என்பதை அக்குடியானவர்கள் எந்தப் புஸ்தகத்திலும் படித்தவர்களல்லர். கும்பினியாரின் துப்பாக்கியையே அவர்கள் தடுத்தார்கள். கரையோரத்தில் குப்பை கொட்டும் கையை நம்மால் தடுக்க முடியாதா?

அண்ணாமலையின் சரிவுகளில் மரம் நட்டு வளர்த்த அன்பர்கள் அவ்வூரில் இருக்கிறார்கள். ஏரிக்கும் அத்தகையோர் வேண்டும்.

போக விரும்புவோர் சூரியோதயத்துக்கு முன்பே கரையேறிவிடுவது நலம். பேச்சும் வேண்டாம், வெள்ளை வேஷ்டியும் வேண்டாம். எவ்வளவு மெதுவாக நடந்தாலும், ஆள்காட்டிக் குருவி ஒன்று நம் வருகையை ஏரி முழுவதற்கும் கூவி அறிவித்துவிடும்.