சிங்கக் குவளைக்கு முன்னால்

துருக்கியின் தென்மேற்குக் கரையில் போத்ரும் கோட்டை. அதனுள் கடலடித் தொல்லியல் அருங்காட்சியகம். கண்ணாடிக் கூடத்துக்குள் நுழைந்ததும் கண் இருட்டுக்குப் பழகச் சற்று நேரம் பிடித்தது. பிறகு பச்சையும் ஊதாவுமாகக் குவளைகள் ஒவ்வொன்றாகத் துலங்கின.

1025 வாக்கில் செர்ச்சே லிமானி என்ற சிறு குடாவில் மூழ்கிய வணிகக் கப்பலின் சரக்கு இது. அதிலிருந்த ஃபாத்திமிய கால எடைக்கற்கள்தான் ஆண்டைக் காட்டிக்கொடுத்தன. அந்த எடைக்கற்களும் கண்ணாடியே. 1977 முதல் 1979 வரை கடலடித் தொல்லியலாளர் ஜார்ஜ் பாஸ் தலைமையிலான குழு, 30 மீட்டருக்கும் கீழே இறங்கி மூன்று டன் கண்ணாடியை மேலே கொண்டுவந்தது. இரண்டு டன் கச்சாக் கண்ணாடி. ஒரு டன் உடைசல்.

அந்த உடைசலில் பெரும்பகுதி, கப்பல் கவிழ்ந்ததால் நொறுங்கியதல்ல. உருக்கி வார்ப்பதற்கென்றே ஏற்றிய சரக்கு. பழைய கண்ணாடியைச் சேர்த்தால் உலை குறைந்த சூட்டிலேயே உருக்கிவிடும், விறகு மிச்சம்.

ஐந்து லட்சத்துக்குக் குறையாத சில்லுகளை நிறம், வடிவம், வேலைப்பாடு பார்த்துப் பிரித்துப் பல ஆண்டுகள் ஒட்டினார்கள். அப்படி மீண்டவற்றின் நடுவே, சக்கரத்தால் செதுக்கிய சிங்கங்கள் நடைபோடும் ஒரு குவளை. குனிந்து பார்த்தேன். சிங்கத்தின் உடலைச் சாணை தீட்டித் தீட்டி எழுப்பியிருக்கிறது ஒரு கை. அழுத்தம் சற்றுக் கூடியிருந்தால் குவளையே போயிருக்கும்.

ஆனால் அந்தக் கண்ணாடி எதனால் ஆனது என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. தண்ணீரில் ஊறிய கண்ணாடியின் மேற்பரப்பிலிருந்து சோடா கரைந்து போய்விடும். பல வண்ணத்தில் மினுங்கும் மெல்லிய ஏடு மட்டும் எஞ்சும். ஆய்வாளர் அந்த ஏட்டைத் தாண்டி உள்ளேயுள்ள கெடாத கண்ணாடியைத் தொட்டாக வேண்டும். அங்கே மக்னீசியமும் பொட்டாசியமும் கூடுதலாக இருந்தால், மணலோடு சேர்ந்தது உவர்நிலச் செடிகளின் சாம்பல். குறைவாக இருந்தால், ரோமானியர் பயன்படுத்திய நேட்ரான் உப்பு. செர்ச்சே லிமானிக் கண்ணாடி சாம்பலில் பிறந்தது. பச்சை, மணலோடு வந்த இரும்பின் நிறம்; ஊதா, மாங்கனீசின் நிறம்.

முழுக் குவளையிலிருந்து ஒரு துணுக்கு எடுக்க யாருக்கும் மனம் வராது. அந்தச் சோதனைக்குத் தன்னைக் கொடுப்பது உடைசல்தான். திரும்பும் முன், அழகான குவளைகளை விட்டுவிட்டு, ஒட்டப்படாத சில்லுகளின் முன் வெகுநேரம் நின்றேன்.