சாந்தினி சௌக்கில் ஓர் அவுட் பேஷன்ட்

டெல்லிக்கு ஆபீஸ் வேலையாகப் போகிற நம்ம ஊர்க்காரர்களுக்கென்று ஒரு நிரந்தர அட்டவணை உண்டு. காலையில் மீட்டிங். மத்தியானம் இன்னொரு மீட்டிங். அதில் காலை மீட்டிங்கைப் பற்றிப் பேசுவார்கள். சாயங்காலம், மனைவி எழுதிக் கொடுத்த லிஸ்ட்டோடு கரோல் பாக். மறுநாள் விமானத்துக்கு நேரம் மிச்சமிருந்தால் செங்கோட்டை வாசலில் ஒரு போட்டோ, சாந்தினி சௌக்கில் சூடாக ஒரு ஜிலேபி. தலைநகரம் முடிந்தது!

செங்கோட்டைக்கு முதுகைக் காட்டி போட்டோவுக்குச் சிரிக்கிறீர்கள் இல்லையா... அப்போது எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், சிவப்பாக ஒரு கோயில் தெரியும். திகம்பர ஜைனர்களின் லால் மந்திர். அந்த வளாகத்திலேயே ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. நமக்கு இல்லை, பறவைகளுக்கு. 1929-ல் ஆரம்பித்த தர்ம ஆஸ்பத்திரி. வைத்தியம் இலவசம். விருப்பப்பட்டால் உண்டியலில் ஏதாவது போடலாம்.

ஏழெட்டுத் தடவை அந்த வழியாகப் போயும் நான் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. ஓர் ஏப்ரல் மாதத்தில்தான் போனேன், கூடவே ஒரு நோயாளியோடு. நோயாளியின் எடை 35 கிராம்.

பெயர் பட்டாணி. கரோல் பாகில் மூன்று தலைமுறையாக இருக்கும் என் நண்பர் வீட்டுப் பறவை. கடைக்காரர்கள் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்பது இதைத்தான். சரியான பெயர் பட்ஜரிகர், பூர்வீகம் ஆஸ்திரேலியா. அதனால் வீட்டில் வளர்க்கலாம். நம்ம ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்தால் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் பாயும். நிறைய ஜோசியர்களுக்கே இது தெரியாது.

தினமும் ராத்திரி ஏழரைக்குப் பட்டாணிக்கு அரை மணி நேர விடுதலை. ஹாலில் பறக்கும், காலண்டர் மேல் உட்காரும், நண்பரின் வழுக்கையில் லேண்டிங் பண்ணும். அன்றைக்கும் அப்படித்தான். யாரோ ஃபேன் போட்டார்கள். யார் என்பது ஒரு ஜாயின்ட் பார்லிமென்டரி கமிட்டி போட்டாலும் தெரியாது. ஃபேன் இன்னும் வேகம்கூட எடுக்கவில்லை. 'டப்' என்று ஒரு சத்தம். பட்டாணி சோபாவுக்குப் பின்னால் கிடந்தது, ஒரு பக்கத்து இறக்கை தரையில் இழுபட.

அடுத்த ஐந்து நிமிஷத்தில் வீடே மெடிக்கல் காலேஜ் ஆகிவிட்டது. "மஞ்சளைக் குழைச்சு எண்ணெயில போட்டுத் தடவு" என்றாள் பாட்டி. பக்கத்து ஃபிளாட் சர்தார்ஜி, இரண்டு சொட்டு பிராந்தி ஊற்றினால் பிழைத்துவிடும் என்றார். நண்பர், பாராசிட்டமாலைப் பாதியாக உடைத்துக்கொண்டு வந்தார்.

எல்லோரையும் தள்ளிவிட்டு உள்ளே வந்தவர் நண்பரின் மனைவி. இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. "உங்க எடை எழுபத்தஞ்சு கிலோ. அது முப்பத்தஞ்சு கிராம். கணக்குப் போடுங்கோ" என்றார். நான் பி.காம். போட்டேன். இரண்டாயிரம் மடங்குக்கு மேல் வருகிறது. அரை மாத்திரையை எத்தனை துண்டாக்குவது? நண்பர் மாத்திரையைத் தானே விழுங்கிவிட்டு உட்கார்ந்தார்.

(வலி மருந்து விஷயத்தில் பறவைகளோடு விளையாடக் கூடாது என்பதற்கு நம் நாடே சாட்சி. மாடுகளுக்கு டைக்ளோஃபெனாக் கொடுத்தோம். அந்த மாடுகள் செத்தபின் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக விழுந்தன. 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்வதற்குள், வானத்தில் கழுகே அபூர்வமாகிவிட்டது.)

அந்த அம்மாள் செய்தது ரொம்பச் சின்ன காரியம். ஒரு ஷூ டப்பாவை எடுத்தார். நாலு பக்கமும் பேனாவால் ஓட்டை. உள்ளே பழைய காட்டன் துண்டு. பட்டாணியை மெல்லிய துணியால் மூடி எடுத்து உள்ளே வைத்து, மூடி, படுக்கையறை மூலையில் வைத்தார். கதவைச் சாத்தினார். "யாரும் திறக்கப்படாது. டி.வி.யை நிறுத்துங்கோ."

அவ்வளவுதானா என்று எனக்கே ஏமாற்றமாக இருந்தது. அப்புறம் அவர் சொல்லித்தான் புரிந்தது. அடிபட்ட பறவையைப் பாதி வேளை கொல்வது அடி இல்லை, பயம். நாம் ஆசையாகத் தூக்கித் தடவுகிறோம். அது, பூனை வாயில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறது. இருட்டும் வெதுவெதுப்பும் நிசப்தமும்தான் முதல் மருந்து. டெல்லி ஜனவரியாக இருந்தால் டப்பாவின் ஒரு பக்கத்தில் மட்டும் வெந்நீர் பாட்டிலைத் துணி சுற்றி வைக்க வேண்டும். ஏப்ரலில் டெல்லியே வெந்நீர் பாட்டில்தான்.

வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. மயக்கத்தில் இருக்கிற பறவைக்கு அது மூச்சுக்குழாயில் போய்விடும். பிராந்திக்கும் இதே சட்டம்தான், சர்தார்ஜி மன்னிக்கவும். எண்ணெயும் மஞ்சளும் இறகில் பட்டால் இறகு ஒட்டிப்போய் உடம்புச்சூடு வெளியேறிவிடும். ரத்தம் கசிந்தால் சுத்தமான பஞ்சை வைத்து மெதுவாக அழுத்திப் பிடிக்கலாம். பறவையின் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் ரத்தம். அப்படிப் பார்த்தால் பட்டாணியின் மொத்த ரத்தமும் ஒரு டீஸ்பூன் நிரம்பாது. நமக்குச் 'சின்னக் கசிவு', அதற்கு அணை உடைப்பு.

நல்லவேளை, பட்டாணிக்கு ரத்தம் வரவில்லை. டப்பாவின் தரையில் கொஞ்சம் தினை தூவி வைத்தார்கள். அன்று ராத்திரி அந்த வீட்டில் எல்லோரும் குசுகுசுவென்றுதான் பேசினார்கள். நான் ஓட்டலுக்குத் திரும்பாமல் அங்கேயே படுத்துவிட்டேன். காலையில் டப்பாவைத் திறந்தபோது தினையில் கொஞ்சம் உமியாகக் கிடந்தது. பாட்டி கண்ணை மூடி ஒரு கும்பிடு போட்டாள்.

மெட்ரோவில் பிராணிகளை ஏற்றக் கூடாது என்பதால் ஆட்டோ. நான், நண்பர், அவருடைய ஏழு வயசுப் பெண், அவள் மடியில் டப்பா. டிரைவர் விஷயத்தைக் கேட்டதும் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டார். டெல்லி ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்காமல் ஓட்டுவது எவ்வளவு பெரிய தியாகம் என்று அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

பழைய டெல்லி ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நெருங்கும்போது அந்தப் பெண் என் காதருகே வந்து சொன்னது: "அங்கிள்... நான்தான் சூடா இருக்குன்னு சொன்னேன்."

என்ன பதில் சொல்வது? "ஏப்ரல்ல சூடாத்தான் இருக்கும் கண்ணு" என்றேன். அவளுக்கு அது போதவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

சாந்தினி சௌக்கின் பிரதான வீதியில் 2021-லிருந்து பகலில் மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. அதனால் சத்தம் குறைந்துவிட்டது என்று நினைத்தால் தப்பு. கோயில் மணி, குருத்வாரா கீர்த்தனை, சைக்கிள் ரிக்ஷா மணி, 'பெஹன்ஜி, பெஹன்ஜி' என்று துணிக்கடை அழைப்பு எல்லாம் சேர்ந்து காதைப் பிய்க்கும். இந்தியாவிலேயே சத்தமான ஒரு தெருவின் முனையில், நிசப்தம் தேவைப்படுகிற ஜீவன்களுக்கு ஆஸ்பத்திரி! இடம் தேர்ந்தெடுத்தவருக்கு நகைச்சுவை உணர்ச்சி இருந்திருக்க வேண்டும்.

செருப்பைக் கழற்றினோம். தோல் பெல்ட், தோல் பர்ஸ் எதுவும் கோயிலுக்குள் கூடாது. நண்பர் ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு படியேறினார்.

உள்ளே வரிசை வரிசையாகக் கூண்டுகள். பெரும்பாலும் புறாக்கள். இறக்கையில் கட்டு, காலில் கட்டு, கழுத்துச் சாய்ந்த கேஸ்கள். ஃபேனில் அடிபட்டவை, பூனை கவ்வியவை, பட்டம் விடும் மாஞ்சா நூலில் அறுபட்டவை. டெல்லியில் ஆகஸ்ட் 15-ஐ ஒட்டித்தான் பட்ட சீசன். நாம் கொடியேற்றி மிட்டாய் சாப்பிடும் நாளில் இங்கே ஹவுஸ்ஃபுல். கண்ணாடித் தூள் தடவிய நூலையும் 'சீன மாஞ்சா' என்கிற நைலான் நூலையும் 2017-லேயே தடை செய்துவிட்டார்கள். நூலுக்கு அது தெரியவில்லை.

குணமான பறவைகளை மொட்டை மாடியிலிருந்து பறக்கவிடுவார்கள். கூண்டில் அடைத்து வைப்பது ஜைன தர்மத்துக்கு ஒப்பாது. இதை நண்பர் சொல்லப்போக, பெண் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கியது. "அப்பா, திருப்பித் தருவாளா?"

நியாயமான கேள்வி. புறாவுக்கு மாடியிலிருந்து பறந்தால் ஊரே வீடு. கூண்டில் பிறந்து வளர்ந்த பட்ஜரிகருக்கு டெல்லி ஆகாயத்தில் ஒரு வாரம்கூடத் தாங்காது. காக்காய்க்கு டிபன் ஆகிவிடும்.

டாக்டர் பட்டாணியை எடுத்த விதத்தைப் பார்க்க வேண்டும். ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் கழுத்து. உடம்பைப் பிடித்த மாதிரியே இல்லை. பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. மூக்கைத் திறந்து வைத்துவிட்டு நெஞ்சை இறுக்கிப் பிடித்தால் அப்படியே போய்விடும். ஆசையில் இறுக்கி அணைத்தே பறவையைக் கொன்ற குழந்தைகள் உண்டு.

இறக்கையை மெதுவாக விரித்துத் தடவிப் பார்த்தார். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் இரண்டு எலும்பு. தடிமனானது உடைந்திருக்கிறது, ஒல்லியானது தப்பித்திருக்கிறது. "அதிர்ஷ்டம்" என்றார். உடையாத எலும்பே உடைந்த எலும்புக்குப் பத்தை! புத்தூர் கட்டுக்காரர்கள் மூங்கிலில் செய்கிற வேலையைக் கடவுள் உள்ளேயே செய்துவைத்திருக்கிறார். மேல் கை எலும்பு உடைந்திருந்தால் கதை வேறு. பறவைக்கு அது உள்ளே குழல், மூச்சுக் காற்றுப் பைகளோடு தொடர்பு உள்ளது.

இறக்கையை மடித்து, ஒட்டுகிற டேப்பால் எட்டு போட்ட மாதிரி ஒரு கட்டு. "அட்மிட்?" என்று நண்பர் பயந்துகொண்டே கேட்டார். டாக்டர் பெண்ணைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். வீட்டில் அமைதியாக வைத்துக்கொள்ள முடியுமானால் வீடே வார்டு, ஒரு வாரம் கழித்துக் காட்டுங்கள் என்றார் ஹிந்தியில். அந்தப் பெண் முதல் முறையாக மூச்சு விட்டது.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் கீழே இறங்க முடியவில்லை. இந்த ஆஸ்பத்திரி சுத்த சைவம். தானியம் தின்னும் பறவைகளுக்குத்தான் வார்டு. மாமிசம் தின்னும் பருந்து வந்தால் வெளிநோயாளியாகப் பார்த்து அனுப்பிவிடுவார்கள். சிறு வயசில் அடிபட்ட பருந்தோடு பறவை ஆஸ்பத்திரிக்குப் போய், மாமிசப் பட்சி என்று மறுக்கப்பட்ட சகோதரர்கள் நதீம் ஷஹ்ஸாத், முகம்மது சவூத். பின்னால் அவர்களே வஜீராபாத்தில் வீட்டுக்குள் பருந்துகளுக்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார்கள். அவர்களைப் பற்றி ஷௌனக் சென் எடுத்த 'ஆல் தட் பிரீத்ஸ்' 2022-ல் வந்து, ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. கோயிலைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஏகாதசி விரதக்காரர் வீட்டில் மீன் குழம்பு கேட்க முடியுமா? ஆனால் மாஞ்சாவில் அறுபட்டு விழுகிற பருந்துக்கு ஏகாதசி தெரியாதே.

நான் சென்னை திரும்பிவிட்டேன். மிச்சம் எல்லாம் போனில்தான். கூண்டிலிருந்து ஊஞ்சலை எடுத்துவிட்டார்கள். உட்காரும் கம்பை இரண்டு அங்குல உயரத்துக்கு இறக்கியாயிற்று. தினையும் தண்ணீரும் தரையில், அலகுக்கு எட்டும் தூரத்தில். தினமும் காலையில் சமையலறைத் தராசில் எடை. பறவைக்கு நோயை மறைப்பது பிறவி வித்தை. சோர்ந்த பறவையைத்தானே வேட்டையாடுகிறவன் முதலில் குறிவைப்பான்? அதனால் அது உற்சாகமாக நடித்துக்கொண்டே இருக்கும், பேலன்ஸ் ஷீட்டை ஜோடிக்கிற கம்பெனி மாதிரி. தராசை ஏமாற்ற முடியாது. பத்து சதவீதம் குறைந்தால் உடனே டாக்டர். மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடினாலும் உடனே டாக்டர். மூன்றாவது நாள் 33. நண்பர் மனைவி ஆபீசுக்கு லீவு போட்டார். ஐந்தாவது நாள் 34. "ஷேர் மார்க்கெட்கூட நான் இப்படிப் பார்த்ததில்லடா" என்றார் நண்பர்.

பறவை எலும்பு சீக்கிரம் கூடும், இரண்டு மூன்று வாரம்தான். அதற்கு மேல் கட்டை விட்டுவைத்தால் எலும்பு சேர்ந்தும் மூட்டு இறுகிப்போய்ப் பறக்க வராது. அதனால் இங்கே சோம்பேறித்தனமும் ஆபத்து, அவசரமும் ஆபத்து. பதினெட்டாவது நாள் டாக்டர் கட்டைப் பிரித்தார். இறக்கை கொஞ்சம் தொங்கியது. பெண் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

இருபத்தாறாவது நாள் ராத்திரி ஒன்பதரைக்குப் போன். ரிசீவரில் ஒரே கூச்சல். பட்டாணி கூண்டு வாசலிலிருந்து சோபாவுக்குப் பறந்துவிட்டதாம். நாலடிதான், அதுவும் கொஞ்சம் கோணலாக. காலண்டர் உயரத்துக்கு இன்னும் போகவில்லை. போகாமலேயும் இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"அங்கிள், அது என் தலையில வந்து உக்காந்துது" என்றது பெண்.

இப்போது அந்த ஹாலில் ஃபேன் சுவிட்ச் மேல் பேப்பர் டேப் ஒட்டி, 'பட்டாணி வெளியே' என்று தமிழிலும் ஹிந்தியிலும் எழுதியிருக்கிறதாம். ஏழரையிலிருந்து எட்டு வரை யாரும் தொடக் கூடாது. மே மாதம், கரோல் பாக், வெளியே 44 டிகிரி. பாட்டி போனை வாங்கினாள்.

"ஏண்டாப்பா, உங்க ஊர்ல பனையோலை விசிறி கெடைக்குமோன்னோ? ஒரு அரை டஜன் அனுப்பு."

அனுப்பினேன். கூரியர் சார்ஜ், பட்டாணியின் விலையைவிட ஜாஸ்தி.