நடுவிடம் நமதன்று!

மூடுபனி அடர்ந்த மார்கழிக் காலையில் வயல்வெளியிலே நின்று சுற்றிலும் நோக்குங்கள். எப்பக்கமும் ஒரே அளவு தொலைவுதான் கண் செல்லும், அதற்கப்பால் வெண்திரை! அவ்வட்டத்தின் நடுவில் நிற்பவர் யார்? நீங்கள்தான்! நூறடி நடந்து பாருங்கள். நடுவிடமும் உங்களோடு நடந்துவரும். உலகின் நடு தாமே என்று உரைப்போரைக் காணும்போதெல்லாம், இவரைச் சூழ்ந்த பனி எது என்று எண்ணிக்கொள்வேன்.

வானநூலாரும் அப்பனியில் நின்றவரே. 1785ஆம் ஆண்டு, இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல், தாமே செய்த தொலைநோக்கியால் வானத்தைத் துழாவி, திசைக்கு எத்தனை விண்மீன் என எண்ணினார். அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டவர் தங்கை கரோலின். அந்த எண்ணிக்கையால் பால்வீதிக்கு ஒரு படமும் வரைந்தார் — கதிரவன் ஏறத்தாழ நடுவிலே! உழைப்பில் குறையில்லை. விண்மீன்களெல்லாம் ஒத்த ஒளியுடையன என்றும், இடையே மறைப்பு ஏதுமில்லை என்றும் கொண்டதுதான் குறை.

எண்ணினால் போதாது, அளக்க வேண்டும். எப்படி? நான் விஞ்ஞானப் பட்டதாரியல்லன்; கல்லூரியில் பயின்றது வரலாறு. எனினும் எட்டாம் வகுப்பில் இக்கேள்வி எழவே, பிள்ளைகளைக் கைநீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தச் சொன்னேன். ஒரு கண்ணை மூடிப் பார், பின் மறு கண்ணை மூடிப் பார்! விரல் கரும்பலகை மீது இடம்விட்டு இடம் தாவும். அருகிலிருந்தால் பெருந்தாவல்; அகன்றால் சிறுதாவல். நமக்குக் கண்ணிரண்டு, வானநூலாருக்கோ, ஜனவரியில் பூமி நிற்குமிடம் ஒரு கண், ஜூலையில் நிற்குமிடம் மறு கண். இடைவெளி 30 கோடி கிலோமீட்டர்! அத்துணை அகன்ற கண்கள் இருந்தும், 1838இல் ஜெர்மானியர் பெசல் ‘61 சிக்னி’ என்னும் விண்மீனிடம் கண்ட தாவல், ஒரு பாகையை 3,600 கூறாக்கினால் அதில் ஒரு கூறுகூட இல்லை. அதன் தொலைவு, இன்றைய கணக்கில், 11 ஒளியாண்டுக்குச் சற்று மேல்.

“அதைவிடத் தொலைவில் இருந்தால், ஐயா? தாவலே தெரியாதே!” என்றாள் ஒரு மாணவி. கணக்கில் வகுப்பிலேயே முதல்வி. பத்தாவதோடு நிறுத்திவிடலாமென்று அவள் வீட்டில் பேச்சு.

அக்கேள்விக்கு வழிகண்டவர் ஹென்ரியெட்டா லெவிட் அம்மையார். செவித்திறன் குன்றியவர். அமெரிக்காவில் ஹார்வர்டு வானாய்வகத்தில், மணிக்கு 30 சென்ட் கூலிக்கு, கண்ணாடித் தகடுகளில் பதிந்த விண்மீன்களின் ஒளியை மதிப்பிடும் வேலை. தொலைநோக்கி ஆடவர்க்கு, தகடு பெண்டிர்க்கு — அக்காலத்துப் பங்கீடு அது! மகெல்லன் சிறுமுகிலில், ஒளி கூடியும் குறைந்தும் துடிக்கும் 25 விண்மீன்களை ஆய்ந்து, 1912இல் அவர் காட்டிய உண்மை இது: துடிப்பின் காலம் நீள நீள, விண்மீனின் இயல்பொளி மிகும். ஒரே முகிலில், ஏறத்தாழ ஒரே தொலைவில் இருப்பவையாதலின், ஒளி வேறுபாடு தொலைவால் வந்ததன்று. எனவே, துடிப்பைக் கணித்தால் இயல்பொளி தெரியும். கண்ணுக்குத் தோன்றும் ஒளியோடு அதை ஒப்பிட்டால் தொலைவு தெரியும்!

“அவர் பெயரையாவது போட்டார்களா, ஐயா?” — அதே மாணவி. போட்டார்கள். அறிக்கையின் முதல் வரியில், இதைத் தயாரித்தவர் லெவிட் என்று. அடியில் கையொப்பம், ஆய்வகத் தலைவர் பிக்கரிங்குடையது. 1921இல் அம்மையார் மறைந்தார். 1925இல் சுவீடனிலிருந்து ஓர் அறிஞர், நோபல் பரிசுக்குப் பெயர் மொழிய விரும்பி, அவருக்கே கடிதம் விடுத்தார்! பெற்றுக்கொள்ள அவர் இல்லை.

அம்மையார் காட்டிய வழியிலே நடந்த ஹார்லோ ஷாப்லி, உருண்டை வடிவ விண்மீன் கொத்துகளின் தொலைவுகளைக் கணித்து, 1918இல் அறிவித்தார்: கொத்துகள் நம்மைச் சூழ்ந்தில்லை, தனுசின் பக்கம் நெடுந்தொலைவிலுள்ள ஓரிடத்தைச் சூழ்ந்துள்ளன. பால்வீதியின் நடு அதுவே, நாம் ஒதுக்குப்புறம்! தொலைவை அவர் மிகுத்தே சொன்னார். விண்வெளியில் பரவிய தூசு ஒளியை மங்கவைப்பதை 1930இல் டிரம்ப்ளர் மெய்ப்பித்தார். அத்தூசுதான் ஹெர்ஷலைச் சூழ்ந்த பனி! நடுவிடம் நமக்கு ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுக்கு அப்பால் என்பது இன்றைய கணக்கு.

2013இல் ஐரோப்பியர் ஏவிய ‘கையா’ விண்கலம், பெசலின் முறையாலேயே நூறு கோடிக்கு மேற்பட்ட விண்மீன்களை அளந்து, 2025இல் ஓய்ந்தது. தூசுத்திரையை அதனாலும் முற்றும் ஊடுருவ இயலவில்லை. ரேடியோ அலைக்கோ அத்திரை ஒரு பொருட்டன்று. 2017இல், நடுவிடத்துக்கும் அப்பால், மறுகரையில், 66,000 ஒளியாண்டுத் தொலைவில், விண்மீன்கள் பிறக்கும் ஒரு களத்தின் தாவலை அவ்வலை கொண்டே அளந்துவிட்டனர். மறுகரையின் பெரும்பகுதி படத்தில் இன்னும் வெற்றிடமே.