எவ்வளவுன்னா...

மகளுக்கு எட்டாம் வகுப்பு. போன ஞாயிற்றுக்கிழமை இங்கிலீஷ் கிராமர் நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். "முடிச்சுட்டேன்ப்பா, சரியான்னு மட்டும் பாருங்க."

இரண்டிரண்டு வாக்கியங்களாகக் கொடுத்திருந்தார்கள். 'ஸோ... தட்' அல்லது 'சச்... தட்' போட்டு ஒன்றாக்க வேண்டும். 'பெட்டி கனமாக இருந்தது. என்னால் தூக்க முடியவில்லை.' இதற்கு அவள் எழுதியிருந்த விடை: 'தி பாக்ஸ் வாஸ் ஸோ ஹெவி தட் ஐ குட் நாட் லிஃப்ட் இட்.' பத்தில் ஒன்பது சரி. ஒன்றில் மட்டும் 'சச் எ ஹாட் வெதர் தட்' என்று எழுதியிருந்தாள். 'ஸோ'வுக்குப் பின்னால் ஹெவி, டயர்ட் மாதிரி தனிச்சொல் வரும். 'சச்' வந்தால் கூடவே ஒரு பெயர்ச்சொல்லும் வேண்டும். எண்ணக்கூடிய ஒரே பொருளாக இருந்தால்தான் நடுவில் 'எ' வரும். வெதரை ஒன்று இரண்டு என்று எண்ண முடியாது, அதனால் வெறும் 'சச் ஹாட் வெதர்'. சொல்லிக்கொடுத்தேன். பி.காம். படித்த அப்பாவுக்கு இவ்வளவாவது தெரிகிறதே என்று ஒரு பார்வை பார்த்தாள்.

நான் தமிழ் மீடியம். பத்தாம் வகுப்பில் இதை எங்களுக்கு வாய்ப்பாடு மாதிரிதான் சொல்லிக்கொடுத்தார்கள். 'டூ'வை எடு, 'ஸோ'வைப் போடு. 'டு'வை எடு, 'தட்'டைப் போடு. மறக்காமல் 'நாட்' சேர். ரென் அண்ட் மார்ட்டின் புத்தகத்திலும் வாக்கியங்களை மாற்றி எழுதும் பகுதி இந்த 'டூ'வில்தான் ஆரம்பிக்கும். 'ஹி இஸ் டூ வீக் டு வாக்' என்றால் நடக்க முடியாத அளவுக்குப் பலவீனம். அதை மாற்றி எழுதும்போது ஒரு தடவை 'நாட்'டை விட்டுவிட்டு, 'ஹி இஸ் ஸோ வீக் தட் ஹி கேன் வாக்' என்று எழுதிவைத்தேன். "நோயாளியை நடக்க வச்சிட்டியே, நீ டாக்டருக்குப் படிக்கலாம்" என்றார் சார். வகுப்பே சிரித்தது.

எனக்கு அவ்வளவு முட்டிமோதி வந்தது இவளுக்கு எப்படிச் சட்டென்று வருகிறது? யோசித்ததில் ஒன்று பிடிபட்டது. இவள் வளர்வது நாக்பூரில். இந்தியில் 'இத்னா... கி', மராத்தியில் 'இத்கா... கீ'. இரண்டுமே இங்கிலீஷ் போகிற வழியில்தான் போகின்றன. முதலில் கனம், அப்புறம் அதனால் என்ன ஆயிற்று என்பது. நாமோ தலைகீழ். 'தூக்க முடியாத அளவுக்குக் கனம்', 'காது கிழியற சத்தம்', 'கண்ணு கூசற வெயில்'. விளைவைத்தான் முதலில் சொல்வோம்.

இந்த ஆராய்ச்சியை அவளிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் அசரவில்லை.

"ஏன்ப்பா, 'எவ்வளவு கனம்னா, தூக்கவே முடியல'ன்னு நாம வீட்ல பேசறோமே, அதுவும் ஸோ தட் தானே?"

அட! இத்தனை வருஷமாகத் தமிழ் பேசுகிறேன், எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த 'எவ்வளவுன்னா' என்னைப் பழைய நாள் ஒன்றுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

2011, மார்ச் மாதம். நாக்பூருக்கு வந்து மூன்றாவது வருடம். (நடுவில் இரண்டு ஊர் மாற்றலாகி இப்போது மறுபடியும் நாக்பூர்.) மார்ச் என்றால் வங்கிக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், வருடக் கணக்கு முடிக்கிற நேரம். ஊரில் அப்பாவைப் பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அம்மா போனில், "அப்பாவுக்குக் கொஞ்சம் முடியலய்யா. நீ பதறாத, வேலையைப் பாரு" என்றாள். 'மை ஃபாதர் இஸ் வெரி சீரியஸ்' என்று லீவ் லெட்டர் எழுதி மேனேஜரிடம் நீட்டினேன். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த மராட்டிக்காரர். படித்துவிட்டு அமைதியாகக் கேட்டார்:

"வெரி என்றால் எவ்வளவு?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கேள்வியில் தப்பு இல்லை. எங்கள் தொழிலில் 'வெரி'க்கு இடமே கிடையாது. ஒரு கடன் கணக்கு ரொம்ப மோசம் என்று எழுதினால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எத்தனை நாள் பாக்கி என்பார்கள். 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன், 2004 மார்ச்சிலிருந்து அதுதான் கணக்கு. என்னிடம் அப்பாவைப் பற்றி அப்படி ஒரு விவரமும் இல்லை. இருந்தது அம்மா சொன்ன 'கொஞ்சம்' மட்டும்தான்.

வெளியே வந்து அத்தானுக்குப் போன் போட்டேன். "அத்தான், மறைக்காமச் சொல்லுங்க. எந்த அளவுக்கு முடியல?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார். "பெத்த பிள்ளை பேரைச் சொன்னா, அது யாருன்னு கேக்குற அளவுக்கு மாப்ள."

சீட்டுக்கு வந்து வேறு தாள் எடுத்தேன். 'ஹிஸ் கண்டிஷன் இஸ் ஸோ சீரியஸ் தட்...' அதற்கு மேல் பேனா நகரவில்லை. 'ஸோ'வைப் போட்டுவிட்டால் 'தட்'டுக்குப் பின்னால் எதையாவது சொல்லியே ஆக வேண்டும். 'வெரி' போட்டிருந்தால் அத்தோடு முற்றுப்புள்ளி வைத்துத் தப்பித்துக்கொள்ளலாம். பத்தாம் வகுப்பில் இரண்டு மார்க்குக்கு மனப்பாடம் செய்த வாக்கியத்தின் அர்த்தம் அன்றைக்குத்தான் புரிந்தது. 'ஹி டஸ் நாட் ரெகக்னைஸ் ஹிஸ் ஓன் சில்ட்ரன்' என்று எழுதி முடித்தேன். மேனேஜர் படித்தார். ஒன்றும் பேசாமல் கையெழுத்துப் போட்டார்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், பிறகு எழும்பூரிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸ். நான் போய்ச் சேர்ந்தபின் அப்பா ஆறு நாள் இருந்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் என்னைப் பார்த்து, "ரயில்ல கூட்டமா?" என்று கேட்டார். அடையாளம் தெரிந்துதான் கேட்டாரா, யாரோ ஊருக்கு வந்தவன் என்று நினைத்துக் கேட்டாரா, இன்றுவரை தெரியாது.

வெளியூரில் இருக்கிற நம் எல்லோர் வீட்டிலும் இதுதான் நடக்கிறது. ஊரில் இருப்பவர்கள் 'கொஞ்சம்', 'ரொம்ப' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள், பிள்ளைகள் பதறக்கூடாது என்று. சரி, நாம் ஏன் மேற்கொண்டு கேட்பதில்லை? கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் கிளம்பிப் போக வேண்டியிருக்கும். நான் கேட்காமல் இருந்ததற்குக் காரணம் அதுதான். மார்ச் மாதக் கணக்கு ஒரு சாக்கு.

மறுபடியும் போன ஞாயிற்றுக்கிழமை. ராத்திரி அம்மாவுக்குப் போன் பண்ணினோம். "மூட்டுவலி எப்படிம்மா இருக்கு?" என்றேன். "ரொம்ப இல்லய்யா, இருக்கு" என்றாள். வழக்கமான பதில். நானும் வழக்கம்போல, "தைலம் தேச்சுக்கோம்மா" என்று சொல்லப் போனேன். மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். வீட்டுப்பாட ஜோர் இன்னும் இறங்கவில்லை போல.

"ஆச்சி, 'எவ்வளவு வலின்னா', டேஷ். கோடிட்ட இடத்தை நிரப்புங்க பாப்போம்!"

அந்தப் பக்கம் அம்மா சிரித்தாள். அப்புறம் விளையாட்டாகவே நிரப்பினாள்.

"எவ்வளவு வலின்னா... தைப் பொங்கலுக்கு அப்புறம் வாசல்ல நான் கோலமே போடலட்டி. பக்கத்து வீட்டுப் புள்ளதான் போடுது."

அம்மா கோலம் போடாத வாசலை நான் பார்த்ததே இல்லை.

அன்றைக்கு ராத்திரியே டிக்கெட் போட்டேன். லீவெல்லாம் இப்போது கம்ப்யூட்டரில்தான். 'காரணம்' என்ற கட்டத்தில் கோலத்தை எழுதினால் யாருக்குப் புரியப் போகிறது? 'என் அம்மாவுக்கு மூட்டுவலி ஸோ சிவியர் தட் அவரால் தரையில் உட்கார முடியவில்லை' என்று நல்ல இங்கிலீஷில் எழுதினேன். உடனே சாங்ஷன் ஆகிவிட்டது.

பி.கு: வீட்டுப்பாடத்துக்கு மகளுக்குப் பத்துக்குப் பத்து. அந்த 'எ'யை அடித்தது நான் என்று டீச்சரிடம் சொல்லவில்லையாம் :-)