செம்பொன்பதின்றொடியும் ஒரு நச்சுயிரியும்

சாங்கி என்றவுடன் விமான நிலையமே எவருக்கும் முதலில் நினைவுக்கு வரும். 1981 ஆம் ஆண்டு அது திறக்கப்பட்ட நாள் தொட்டு, உற்றாரை வரவேற்கவோ வழியனுப்பவோ அங்குச் செல்லாத தமிழ்க் குடும்பம் சிங்கப்பூரில் இருத்தல் அரிது. அவ்வாயில் வழியே மனிதரோடு நோயும் வந்ததுண்டு. 2003 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களின் இறுதியில் ஹாங்காங் சென்று திரும்பிய பயணிகளோடு சார்ஸ் நோய் வந்தது. 238 பேரைப் பற்றியது. 33 உயிர்களைக் கொண்டு சென்றது. நோயுற்றோருள் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கினர் மருத்துவமனைகளில் பிறருக்குத் தொண்டு செய்தவர்கள் என்பதைப் பலரும் இன்று மறந்துவிட்டனர். பதினேழு ஆண்டுகள் கழித்து, 2020 ஜனவரி 23 அன்று, அதே குடும்பத்தைச் சேர்ந்த கோவிட் நச்சுயிரி இந்நாட்டில் முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் சாங்கி வட்டாரத்து எக்ஸ்போ மண்டபங்களில் கண்காட்சிக் கடைகள் நின்ற இடத்தில் கட்டில்கள் வரிசை பிடித்தன. தமிழகத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் கட்டடம் எழுப்ப வந்த தொழிலாளர் பலர் அங்கே படுத்திருந்தனர். 2021 மே மாதம் விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்திற்குள்ளேயே தொற்று பரவி நூற்றுக்கும் மேற்பட்டோரைத் தாக்கிற்று. முதலில் கண்டறியப்பட்டவர் அங்குத் தரை துடைத்த ஒரு துப்புரவுப் பணியாளர்.

இவற்றையெல்லாம் அருகிருந்து கண்ட பெரியவர் ஒருவர் சாங்கிச் சிற்றூர்ப் பக்கம் உண்டு. விமானச் சரக்குக் கிடங்கில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்ந்தவர். இளமையில் இரவுப் பள்ளியில் தமிழ் இலக்கணம் முறையாகப் பாடம் கேட்டவர். உயிரியல் பயிலும் பேத்தியோடு உணவங்காடியில் தேநீர் அருந்தும்போது அவர் ஒரு கேள்வி கேட்டார்.

“இந்த நோய் வேடம் மாற்றிக்கொண்டே இருக்கிறது, அதற்கேற்ப ஊசியையும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். மாற்றிக்கொள்ள முடியாதது எதுவுமே அதனிடம் இல்லையா, அம்மா?”

“இருக்கிறது, தாத்தா. அதன் உடம்பில் ஒரு முடிச்சு இருக்கிறது” என்றாள் பேத்தி.

படித்தவர் பலருக்கும் தோன்றாத கேள்வி அது. விடையும் நின்று கேட்கத்தக்கது.

கோவிட் நச்சுயிரியின் மரபுச் செய்தி முழுவதும் ஆர்.என்.ஏ. என்னும் ஒற்றை இழையில் எழுதப்பட்டிருக்கிறது. எழுத்துகள் நான்கே வகை. அவை ஏறத்தாழ முப்பதாயிரம் இடங்களில் நிரல்பட நிற்கின்றன. மனித உயிரணுவுக்குள் புகுந்ததும் அவ்விழையை ரைபோசோம் என்னும் நுண்பொறி படிக்கத் தொடங்குகிறது. மும்மூன்று எழுத்தாகப் படித்து, ஒவ்வொரு மூன்றிற்கும் ஓர் அமினோ அமிலமாகக் கோத்துப் புரதம் செய்வது அதன் தொழில். அப்பொறியின் அமைப்பை அணு அணுவாக விளக்கியமைக்காக 2009 ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசினைப் பகிர்ந்துகொண்ட மூவருள் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் சிதம்பரத்தில் பிறந்தவர். மனிதனுக்குச் சொந்தமான இந்தப் பொறியைக் கொண்டே நச்சுயிரி தன் புரதங்களையும் செய்துகொள்கிறது.

இழை என்றதும் கொடியில் உலர்த்திய நூல்போல் நீண்டு கிடக்கும் என்று எண்ணிவிடலாகாது. அதன் எழுத்துகள் ஒன்றையொன்று தேடி இணைவதால் இழை தன்மேலேயே மடிகிறது. கொண்டை ஊசிபோல் வளைகிறது. சிலவிடங்களில் வளைவுக்குள் வால் நுழைந்து ‘போலி முடிச்சு’ என்று அறிஞர் அழைக்கும் வடிவம் கொள்கிறது. கோவிட் நச்சுயிரியில் அத்தகைய முடிச்சொன்று 13,460 ஆம் எழுத்தைத் தாண்டியதும் இருக்கிறது. அதற்குச் சற்று முன்னால் யூ மூன்று, ஏ மூன்று, சி ஒன்று என ஏழெழுத்துகள் அடுத்தடுத்து நிற்கின்றன. அது ஒரு வழுக்குப் பாறை எனலாம். படித்துக்கொண்டு விரைந்து வரும் ரைபோசோம் எதிரிலுள்ள முடிச்சை உடனே அவிழ்க்க மாட்டாமல் தடைப்படுகிறது. இழை இறுகுகிறது. அவ்விறுக்கத்தில் பொறி ஓரெழுத்துப் பின்னோக்கிச் சறுக்குகிறது. முன்பு படித்த சி என்னும் எழுத்தையே மீண்டும் முதலெழுத்தாகக் கொண்டு அடுத்த மூன்றைப் படிக்கிறது. அதுமுதல் எல்லாப் பிரிப்பும் மாறிவிடுகின்றன.

சறுக்காமல் நேரே சென்ற பொறி சில அடிகளில் ‘நிறுத்துக’ என்னும் குறியைக் கண்டு நின்றுவிடும். சறுக்கியதற்கோ அக்குறி கண்ணில் படுவதில்லை. அது மேலும் நெடுந்தூரம் படித்துச் செல்கிறது. முதல்வகைப் புரதத்தில் ஏறத்தாழ 4,400 அமினோ அமிலங்கள்; இரண்டாம் வகையில் 7,000க்கும் மேல். நச்சுயிரி தன்னைத்தானே படியெடுக்க வேண்டிய நொதி இரண்டாம் வகையிலேதான் இருக்கிறது. ஆகவே இந்தச் சறுக்கல் நிகழாவிடின் நச்சுயிரிக்குச் சந்ததி இல்லை.

பேத்தி இவ்வளவும் சொல்லி முடித்ததும் பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “செம்பொன்பதின்றொடி என்று கேள்விப்பட்டிருக்கிறாயா?” என்றார். அவள் விழித்தாள்.

தொல்காப்பிய உரையாசிரியர்கள் காட்டும் பழைய எடுத்துக்காட்டு அது. தொடி என்பது ஒரு நிறையளவு. செம்பொன் பதின்தொடி என்று பிரித்தால் பத்துத் தொடிப் பொன். செம்பு ஒன்பதின்தொடி என்று பிரித்தால் ஒன்பது தொடிச் செம்பு. எழுத்தில் மாற்றம் இல்லை. எங்கே குரலை நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்துப் பொன் செம்பாகிறது. ஓசை வேறுபாட்டால்தான் இத்தகைய தொடர்களுக்குப் பொருள் தெளிவாகும் என்பது இலக்கணிகள் கொள்கை.

“அப்படியானால் அந்த முடிச்சுத்தான் குரலை நிறுத்தச் சொல்கிற இடமா?” என்று பெரியவர் கேட்டபோது பேத்தி சிரித்துவிட்டாள். உவமை முழுதும் பொருந்துவதன்று. செய்யுளில் ஓரெழுத்தை இருமுறை எண்ணும் வழக்கமில்லை; ரைபோசோம் எண்ணுகிறது. ஆயினும், எழுத்து மட்டுமே செய்தி ஆகாது, எழுத்து நிற்கும் வடிவமும் செய்திதான் என்பதைப் பாடநூலின் பல பக்கங்களைவிட இவ்வொரு சொற்றொடர் தெளிவாக உணர்த்திவிடுகிறது.

சறுக்கல் ஒவ்வொரு முறையும் நிகழ்வதில்லை. சோதனைக்குச் சோதனை கணக்கு வேறுபடினும், நான்கில் ஒரு பங்கிலிருந்து பாதிக்கு மேல் வரை சறுக்குவதாகக் கூறுவர். இரு புரதங்களின் அளவை முடிச்சே இவ்வாறு பங்கிட்டுக் கொடுக்கிறது. சறுக்கும் விகிதம் வெகுவாகக் குறைந்தால் நச்சுயிரியின் பெருக்கமும் பெரிதும் குன்றுகிறது என்பதைச் சார்ஸ் நச்சுயிரியைக் கொண்டு முன்னரே கண்டிருந்தனர். கொரோனாக் குடும்பத்தில் இச்சறுக்கலை முதலில் கண்டவர்கள் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள். 1987 இல், கோழிகளைத் தாக்கும் ஒரு நச்சுயிரியில். கோழி நோயை யார் பெரிதாக எண்ணினர்!

பெரியவர் கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. நச்சுயிரியின் வெளிப்புற முட்புரதம் ஆண்டுக்கு ஆண்டு மாறிற்று, ஊசிகளும் மாறின. 2003 இல் வந்த சார்ஸ் நச்சுயிரியின் முடிச்சையும் கோவிட் நச்சுயிரியின் முடிச்சையும் அருகருகே வைத்தாலோ வேறுபாடு ஒரே ஓர் எழுத்துத்தான். முட்புரதத்தை மாற்றிக்கொண்டும் உயிர்வாழ முடிந்த நச்சுயிரிக்கு முடிச்சை விருப்பம்போல் மாற்றிக்கொள்ள இடமில்லை. எனவே அதைத் தளர்த்தும் மருந்தைத் தேடுகின்றனர். 2021 இல் சூரிக் ஆய்வாளர்கள், முடிச்சு ரைபோசோமின் வாயிலில் சிக்கி நிற்கும் காட்சியையே உறைகுளிர் மின்னணு நுண்ணோக்கியால் படம் பிடித்துவிட்டனர். மெராஃப்ளாக்சசின் என்னும் பொருள் சறுக்கலைக் குறைப்பதும் அதே ஆண்டில் ஆய்வுக்கூடத்து உயிரணுக்களில் தெரியவந்தது. அவ்வழிப்பட்ட மருந்து எதுவும் நோயாளியின் கைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

சிங்கப்பூருக்கு இத்துறை அயலானதன்று. 2003 இல் சார்ஸ் பரவிய வேளையிலேயே இங்குள்ள ஜீனோம் ஆய்வுக் கழகம் ஐந்து நோயாளிகளின் நச்சுயிரிகளை எழுத்தெழுத்தாகப் படித்து, பிறநாட்டுப் படிகளோடு ஒப்பிட்டு வெளியிட்டது. இன்று பயோபோலிஸில் இயங்கும் அக்கழகத்தினர் பிற ஆய்வாளரோடு சேர்ந்து டெங்கியின் நான்கு வகைகளுக்கும், ஸிகாவின் நான்கு கிளைகளுக்கும் ஆர்.என்.ஏ. எவ்வாறு மடிந்திருக்கிறது என்னும் வரைபடத்தை 2019 இல் வெளியிட்டனர். இழையில் ஆயிரக்கணக்கான எழுத்துகள் தள்ளி நிற்கும் பகுதிகளும் கைகோத்து நிற்பதை அதில் காணலாம். கோவிட் வந்தபோதும் அதே முறையில் அதன் மடிப்புகளை ஆராய்ந்தனர்.

டெங்கியின் மடிப்பு வேறு வேலை செய்கிறது. அதன் ஆர்.என்.ஏ. இழையில் ஏறத்தாழ 10,700 எழுத்துகள். அவற்றிலிருந்து ஒரே நெடும்புரதம் உண்டாகிப் பின்னர்ப் பத்தாக வெட்டப்படுகிறது. எங்கே படிக்கத் தொடங்குவது என்பதுதான் அங்குச் சிக்கல். தொடக்கக் குறி சற்று மங்கலானது; வேகமாக வரும் பொறி அதைக் கவனியாமல் கடந்து, பின்னுள்ள வேறொரு குறியில் தொடங்கிவிடக்கூடும். ஆகவே தொடக்கக் குறியை அடுத்துச் சில எழுத்துகள் தள்ளி ஒரு சிறு கொண்டை ஊசி மடிந்து நிற்கிறது. பொறி அதில் முட்டித் தயங்கும்போது சரியாகத் தொடக்கக் குறியின்மேல் நிற்கிறது. பள்ளி வாயிலில் சாலைக்குக் குறுக்கே போடப்பட்ட மேடுபோல என்று கொள்ளலாம். ஒன்று சறுக்கச் செய்யும் மடிப்பு. மற்றொன்று சறுக்காமல் நிறுத்தும் மடிப்பு.

2020 இல் ஊரே கோவிட் அச்சத்தில் வீட்டுக்குள் அடங்கியிருந்தபோது, சிங்கப்பூரில் 35,000க்கும் மேற்பட்டோர் டெங்கியால் பாதிக்கப்பட்டனர். அது அதுவரை காணாத எண்ணிக்கை. அந்தக் கொண்டை ஊசியை நிமிர்த்தும் மருந்தும் இனிமேல்தான் வரவேண்டும். பூந்தொட்டித் தட்டுகளில் நீர் தேங்கியிருக்கிறதா என்று பார்க்க அதிகாரிகள் அடுக்குமாடிக் கதவுகளைத் தட்டுவது இன்றும் நடக்கிறது. பெரியவர் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு துளசிச் செடி உண்டு. அதன் தட்டைக் கவிழ்த்து வைப்பது பேத்தியின் வேலை.