சோற்றில் குச்சி நடாதீர்கள்!

ஜப்பானுக்குப் போகிறவர்களிடம் எல்லோரும் சொல்லி அனுப்புவது மூன்று: குனிந்து வணங்கு, செருப்பை வாசலிலேயே கழற்று, டிப்ஸ் கொடுக்காதே. முதல் இரண்டும் நமக்குத் தண்ணி பட்ட பாடு. மூன்றாவதைக் கேட்டு என் பர்ஸே சிரித்தது!

டோக்கியோவில் சின்ன நூடுல்ஸ் கடை ஒன்றில் கோட்டு, டை மனிதர்கள் 'சர்ர்ர்'ரென்று உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். அங்கே அது தப்பே இல்லை. ரசத்தை உறிஞ்சி வீட்டில் திட்டு வாங்குகிறவர்கள் உடனே டிக்கெட் எடுக்கலாம்.

ஆனால் குச்சி விஷயத்தில் விளையாட்டு கூடாது. சாப்பிடும்போது நடுவில் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாக நட்டு வைக்காதீர்கள். இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படி நடுவார்கள். 'இந்தா, ருசி பாரு' என்று உங்கள் குச்சியிலிருந்து பக்கத்திலிருப்பவர் குச்சிக்கு எதையும் மாற்றவும் வேண்டாம். தகனம் முடிந்ததும் உறவினர்கள் எலும்புகளைக் குச்சிக்குக் குச்சி மாற்றித்தான் கலசத்தில் சேர்க்கிறார்கள். கால் எலும்பு முதலில், தலை கடைசியில். கலசத்துக்குள்ளும் அவர் தலைகீழாக இருந்துவிடக் கூடாதாம்.

பால் தெளித்து எலும்பு பொறுக்கிய கைகள் நமக்கும் உண்டு. அதனால் இதையெல்லாம் மனப்பாடம் பண்ண வேண்டியதில்லை. சாப்பிடுகிற இடத்தில் சாவை ஞாபகப்படுத்தாதே, அவ்வளவுதான்.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஜப்பானியர்கள் சொல்வது 'இத்தெகிமாஸ்'. அர்த்தம் கேட்டேன்.

'போயிட்டு வரேன்!'