கட்டை விரல் சங்கீதம்

ஜாஸ் வாசிக்கப் புதுக் கிதார் ஆகாதா என்பீர்கள். ஆகும். ஆனால் கிப்ஸன் கம்பெனி 1949-ல் கொண்டுவந்த இ.எஸ்.175 ரகத்தில் பழைய வாத்தியம் ஒன்று பெரம்பூரில் விலைக்கு வந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீணைக் குடம் போல உள்ளே வெற்றிடம். மின்சாரக் கிதாரானாலும் மரத்தின் நாதம் கேட்கும். ஒலியை அதிகம் கூட்டினாலோ ஊளையிடும்! கழுத்து வளையவில்லை, பலகையில் விரிசல் இல்லை. வளையலுக்கென்று போட்டிருந்த சீட்டுப் பணத்தை என் மனைவிதான் எடுத்துக் கொடுத்தாள்.

அவளுக்கு அமெரிக்க மேதை வெஸ் மான்ட்கோமரியின் கதையைச் சொன்னேன். பகலில் பிழைப்பு, இரவில் சாதகம். அண்டை வீட்டார் தூக்கம் கெடாதிருக்கக் கட்டை விரலாலேயே மீட்டிப் பழகினாராம். அந்த மிருதுவான நாதமே அவருக்குப் புகழ் தேடித் தந்தது.

"நல்ல மனுஷர்! நீங்களும் அப்படியே வாசியுங்கள், குழந்தை தூங்குகிறது. வளையலை அடுத்த சீட்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்றாள்.